அறைக்குள் வாசிக்காத நாயனம்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் மின்னியல் பிரிவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் போன் செய்து, "கோயம்புத்தூர்ல பம்ப், மோட்டார்னு இத்தனை வருஷமா இருக்கீங்க. அந்த அனுபவத்தை நம்ம பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு பேரம் பேசினேன். "சார், பம்ப் பற்றிப் பேச இந்தக் கூட்டத்திலேயே என்னைவிடப் பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் என் அறைத்தோழனைப் பற்றிப் பேசுகிறேன். அவன் இன்ஜினியர் இல்லை. இசைத்துறை மாணவன்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி, பேசுங்க. ஆனா இருபது நிமிஷத்துல முடிச்சிடணும்" என்றார். அந்த நிபந்தனையோடு நிற்கிறேன்.

நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விசேஷம் உண்டு. பொறியியல் புலம் என்று ஏட்டில் எழுதினாலும் நாம் அதைக் கல்லூரி என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். 1945-ல் தொடங்கியது. ஆனால் பல்கலைக்கழகம் 1929-ல் பிறந்த காலத்திலிருந்தே இங்கே இசைக்கு இடம் இருக்கிறது. டைகர் வரதாச்சாரியார் பாடம் சொன்ன இடம். எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடம் சொன்ன இடம். 1941-ல் தமிழிசை மாநாடு கூடியதும் இங்கேதான். டர்பைனும் தம்பூராவும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர் அதிகம் கிடையாது. இருந்தும், கையைத் தூக்கச் சொன்னால், நான்கு வருஷத்தில் இசைத்துறைக் கட்டடத்துக்குள் ஒருமுறையாவது போனவர்கள் எத்தனை பேர்? (சில கைகள்.) பரவாயில்லை, நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு கை கூடுதல்.

நான் 2006-ல் சேர்ந்தேன். விடுதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் முடிந்ததும் சிவபுரி போகிற சாலையில் ஒரு மாடி அறையை மூன்று இன்ஜினியரிங் பையன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். வாடகை 1,400 ரூபாய். நான்காவது ஆள் கிடைத்தால் தலைக்கு 350 ஆகும் என்று தேடியபோது வந்தவன்தான் இவன். கையில் ஒரு துணிப்பை, தோளில் நீளமாக ஒரு பெட்டி. "அது என்னப்பா, டிராஃப்டர் மாதிரி?" என்று கேட்டேன். "நாயனம்ணே" என்றான். நாங்களும் அவனும் ஒரே வயசு என்று தெரிந்த பிறகு 'அண்ணே' போய் 'மாப்ள' வந்துவிட்டது. அவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நேற்றுப் போனில் கேட்டுக்கொண்டான். அறையில் நாங்கள் அவனை 'நாயனம்' என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கோயில் நாகசுரக்காரர். முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. நாகசுரக்காரருக்குப் பல் போவது என்றால் ஓட்டுநருக்குக் கண் போன மாதிரி. உதட்டுக்குப் பிடிமானம் இருக்காது. வீட்டில் இரண்டு தங்கைகள். "அப்பாகிட்டயே கத்துக்கிட்டவன் எதுக்குடா யுனிவர்சிட்டிக்கு வந்த?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவன் அப்பா சொன்னதைச் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சது உனக்குப் பத்து வருஷத்துல தீர்ந்துடும்டா. இன்னும் நாலு பேர்கிட்ட போய்க் கேளு. கூடவே ஒரு காகிதமும் வாங்கிக்க." அந்தக் காகிதம் இல்லாமல் இசைப்பள்ளி வேலைக்கு மனுப் போட முடியாது.

இனி அவனுடைய ஒருநாளைச் சொல்கிறேன். தம்பிகள் கவனமாகக் கேளுங்கள். இதில் எங்கே தூங்கினான் என்று எனக்கு இன்றுவரை கணக்கு இடிக்கிறது.

காலை 4.15 மணிக்கு நோக்கியா 1100 அலறும். அவன் எழுந்திருப்பதற்குள் நாங்கள் மூன்று பேரும் திட்டி முடித்திருப்போம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைக்குப் போவான். அந்த வருஷங்களில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2006 கடைசியில் மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். விழுப்புரம் – மயிலாடுதுறை அகலப்பாதை வேலை முடிந்து 2010-ல்தான் மறுபடியும் ரயில் வந்தது. நாம் எல்லோரும் ஊருக்குப் போக பஸ்ஸில் இடிபட்டு, ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தோம். இவன் ஒருவன்தான் அதை ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்டவன். "மூணு கிலோமீட்டருக்கு ஆளே இல்ல மாப்ள. கருங்கல் ஜல்லிக் குவியல் மேல உக்காந்தா எதிரொலி கூட நல்லா வரும்" என்பான். நாலரையிலிருந்து ஆறு வரை சாதகம். பாட்டு எதுவும் கிடையாது. ஒரே ஸ்வரத்தை மூச்சு முடியும் வரை பிடிப்பது, பிறகு அடுத்தது. முதல் ஆறு மாதம் அதைக் கேட்ட நாய்கள் குரைத்ததாகவும், பிறகு அவையும் பழகிவிட்டதாகவும் சொன்னான்.

ஆறு மணிக்கு அங்கிருந்து நேராக மெஸ். சாப்பிட அல்ல, பரிமாற. மெஸ் நடத்திய அக்காவிடம் காலையில் இரண்டரை மணி நேரம் வேலை. இலை போடுவது, இட்லி, சாம்பார் வாளி தூக்குவது, கடைசியில் மேஜை துடைப்பது. கூலி மாதம் 300 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு. அவன் பரிமாறுகிற வரிசையில் உட்கார்ந்தால் எங்களுக்குக் கொத்சு இன்னொரு கரண்டி கூட விழும். நாங்கள் நட்பு என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் அந்த வரிசையில் யார் உட்கார்ந்தாலும் அவனுக்கு அப்படித்தான் விழும் என்று பிறகு தெரிந்தது.

ஒன்பதரையிலிருந்து வகுப்பு. வாசிப்பு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. இராக இலக்கணம், தாளக் கணக்கு, இசை வரலாறு, வாய்ப்பாட்டு எல்லாம் உண்டு. தாளக் கணக்கை அவன் படிப்பதைப் பார்த்தால் எங்கள் கணிதத் தாளைப் போல இருக்கும். ஐந்தும் ஏழும் ஒன்பதும் எட்டு அட்சரத்துக்குள் எங்கே போய் முட்டி நிற்கும் என்று விரலில் எண்ணிக்கொண்டிருப்பான். மதியம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் அரை மணி நேரம் தூக்கம். அந்த அரை மணி நேரத்தை மட்டும் யாருக்காகவும் விட மாட்டான்.

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பது, லேமினேஷன், ஸ்பைரல், பைண்டிங். மாதத்துக்கு 900 ரூபாய். அறைக்கு வந்து பத்தரைக்கு மேல் தியரி நோட்டு. பதினொன்றரைக்கு விளக்கை அணைத்தால் மறுபடி 4.15. இது சாதாரண நாள்.

முகூர்த்த நாள் வேறு. முதல் நாள் சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்புக்குப் போக வேண்டும். அவன் போவது இரண்டாம் நாயனமாக. ஒரு பெரியவரின் செட்டில் சேர்ந்து வாசிப்பான். இரவு கல்யாண மண்டபத்துத் திண்ணையில் தூக்கம். விடியற்காலையில் முகூர்த்தம். சரியான நேரத்தில் கெட்டிமேளம். காலை பஸ் பிடித்துப் பதினொன்றரைக்கு வகுப்பு வாசலில் நிற்பான், நெற்றியில் சந்தனத்தோடு. அவனுடைய ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டாராம். "கல்யாணத்துல வாசிக்கிறதும் படிப்புதான். ஆனா காலையில நடந்த பாடத்தை நாலு மணிக்கு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போ" என்பார். அவர் கொடுத்த தண்டனையும் அதுதான், செய்த உபகாரமும் அதுதான்.

முகூர்த்தம் ஒன்றுக்கு 250 ரூபாய். நல்ல மாதத்தில் நான்கு வரும். நான் இன்ஜினியரிங் மாணவன் இல்லையா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வரவு செலவைக் கிராஃப் தாளில் போட்டேன். நல்ல மாதத்தில் மெஸ் 300, கடை 900, கல்யாணம் 1,000, ஆக 2,200. செலவு: அறை 350, வீட்டுக்கு 1,000, நாயனச் செலவு 150, சோப்பு, பஸ், போன் எல்லாம் 300, ஆக 1,800. மிச்சம் 400. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் வரவு 1,200, செலவு அதே 1,800. பள்ளம் 600. ஒன்பது மாத மிச்சம் 3,600, மூன்று மாதப் பள்ளம் 1,800. வருஷக் கடைசியில் கையில் நிற்பது 1,800 ரூபாய். அதில்தான் இரண்டு செமஸ்டர் தேர்வுக் கட்டணம், தீபாவளித் துணி, காய்ச்சல், எல்லாம். ஒரு தேர்வுக் கட்டணம் சரியாக மார்கழியை ஒட்டித்தான் வரும். கிராஃபைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஆமா மாப்ள, மார்கழியில பெருமாள் தூங்க மாட்டார், நானும் தூங்க மாட்டேன்" என்று சிரித்தான். அந்த மாதங்களில் கடையில் இரவு பன்னிரண்டு மணி வரை இருப்பான்.

நாயனச் செலவு 150 என்றேனே, அது என்ன என்று கேட்பீர்கள். நாகசுரத்தில் மரக்குழலுக்கு உலவு என்று பெயர், கீழே விரிந்த பகுதி அணசு. ஊதுகிற இடத்தில் சொருகுவது சீவாளி. கொறுக்கந்தட்டையில் செய்வது, திருவாவடுதுறைப் பக்கம் அதற்கென்றே குடும்பங்கள் இருக்கின்றன. குழல் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022-ல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். குழல் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். சீவாளி அப்படியல்ல. நனைய வேண்டும், ஊற வேண்டும், வாய்க்குப் பழக வேண்டும், நன்றாகப் பழகிய சமயத்தில் கிழிந்துவிடும். ஏழு விரல் துளைகள். அதற்குக் கீழே ஐந்து துளைகள். அவற்றை விரலால் மூடுவதில்லை, தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்து சுருதியைச் சரிசெய்வார்கள். ஃபைன் டியூனிங் என்று நாம் சொல்வதை மெழுகில் செய்கிற பொறியியல் அது.

அவனிடம் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒருநாள் இரவு எங்கள் ஆய்வகப் பக்கம் நடந்து வருகிறோம். டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருந்தது. நின்று கேட்டுவிட்டு, "இது ஒரு கட்டைக்கு மந்தரப் பஞ்சமம், ஒரு இழை கூடுதலா இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு உள்ளகம் இரண்டு முறை நீண்டு சுருங்கும், ஆகவே முனகல் 100. ஒரு கட்டை ஷட்ஜம் ஏறக்குறைய 131. அதற்குக் கீழ்ப் பஞ்சமம் 98. அவன் சொன்ன 'ஒரு இழை' அந்த இரண்டு. நான் இரண்டு செமஸ்டர் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் நடந்துபோகிற வழியில் கேட்டுவிட்டான். இன்று சோதனைக் கூடத்தில் மோட்டாரின் பேரிங் சத்தத்தைக் கேட்டு "இது சரியில்லை" என்று மீட்டர் வைக்கும் முன்பே சொல்கிறேன் என்றால், கருவி கொண்டு அளப்பதைக் கல்லூரி கற்றுக்கொடுத்தது, காது கொண்டு கேட்பதை அவன் கற்றுக்கொடுத்தான்.

இவ்வளவும் பெருமை. இனிச் சொல்லப்போவது பெருமை இல்லை.

அவன் அறைக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஒரு வாசிப்பு வாசித்தான். நாகசுரம் திறந்த வெளிக்கும் கோயில் பிரகாரத்துக்கும் ஆன வாத்தியம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு அப்போது இரண்டு அரியர். "இங்க பார் மாப்ள, வாடகை குடு, இரு. ஆனா அறைக்குள்ள இதை எடுக்கக் கூடாது" என்று நான்தான் சொன்னேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "சரி" என்றான். அவ்வளவுதான். மூன்று வருஷம் அந்தப் பெட்டி அறைக்குள் திறக்கவில்லை. மழை நாளில்கூட. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை ஊரையே மூழ்கடித்தபோது, ரயில் மேட்டுக்குப் போக முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து சீவாளி இல்லாத வெறுங்குழலில் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. நான் பக்கத்துக் கட்டிலில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன், காதில் இயர்போன் மாட்டி.

இரண்டாவது, 2010 ஏப்ரல். எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். நான்கு காப்பி, கெட்டி அட்டை பைண்டிங். முதல் நாள் இரவு ஒன்பதே காலுக்கு நான் கடைக்குப் போய் நிற்கிறேன். கடை அண்ணன், "நாளைக்கு மதியம்தான் முடியும் தம்பி" என்றார். நான் உள்ளே இருந்தவனைப் பார்த்தேன். "அண்ணே, நீங்க சாவியைக் குடுத்துட்டுப் போங்க, நான் முடிச்சிடறேன்" என்றான். நான் நன்றி சொல்லிவிட்டு அறைக்கு வந்து தூங்கினேன். கூட இருந்து தாள் அடுக்கவாவது செய்திருக்கலாம். தூங்கினேன்.

இரவு ஒரு மணிக்கு மேல், மூன்றாவது காப்பியின் ஓரத்தை வெட்டும்போது பிளேடு நழுவி இடது கை மோதிர விரலின் நுனியைக் கிழித்துவிட்டது. காலையில் என் தலைமாட்டில் நான்கு காப்பியும் இருந்தன. துளி ரத்தம் படாமல் பழைய நாளிதழில் சுற்றி வைத்திருந்தான். விரலில் துணி. "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ கிளம்பு, லேட்டாயிடும்" என்றான். கிளம்பிவிட்டேன்.

ஒன்பது நாளில் அவனுக்கு இறுதி வாசிப்புத் தேர்வு. நாகசுரத்தில் துளையை விரலின் சதைதான் மூட வேண்டும். காற்று ஒரு நூல் கசிந்தாலும் ஸ்வரம் பிசிறிவிடும். கட்டுப் போட்ட விரலால் மூட முடியாது, கட்டைப் பிரித்தால் காயம் திறக்கும். அந்த ஒன்பது நாளும் மெஸ்ஸில் ஒரு கையால் பரிமாறினான். விடியற்காலையில் ரயில் மேட்டுக்குப் போய் வாசிக்காமல் பாடினான், முழுக் கச்சேரியையும். ஆலாபனை, கீர்த்தனை, ஸ்வரம் எல்லாம் வாயால். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டு வாசித்தான். தோடி எடுத்தானாம். தோடியைப் பெரிதாக எடுத்தால் விரல்களுக்கு வேலை அதிகம். ஏன்டா சின்ன ராகமாக எடுக்கக் கூடாதா என்று பிறகு கேட்டேன். "அப்பா வந்திருந்தாரு மாப்ள" என்றான்.

'எடுத்தானாம்' என்று சொல்கிறேன், கவனித்தீர்களா? நான் அங்கே இல்லை. வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குச் சென்னையில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வந்த வருஷம், வேலை என்றால் எதுவும் பெரிதாகத் தெரிந்த காலம். போனது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து, "எப்படி வாசிச்ச?" என்று கேட்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அந்த வேலையும் கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கணக்கு முழுசாக இருக்கட்டும்.

மூன்றாவது, 2016. என் கல்யாணம். எங்கள் பக்கத்தில் அப்போது செண்டை மேளம் பரவிக்கொண்டிருந்த நேரம். வரவேற்புக்குப் பதினைந்து பேர், ஒரே மாதிரி வேட்டி, வாசலிலிருந்து மேடை வரை அதிர அதிர. எனக்குச் செண்டை மேல் எந்த வருத்தமும் இல்லை. அதுவும் பெரிய கலை, கேரளத்தில் அதற்குரிய கோயிலில் கேட்டால் தெரியும். என் மைத்துனன் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து சொன்னான், நான் தலையாட்டினேன். முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்காரரே ஒரு நாயனம், ஒரு தவில் என்று பேக்கேஜில் வைத்திருந்தார். நான் நாயனத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், விருந்தாளியாக. வாசிக்க வா என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கூப்பிட்டால் பணம் வாங்க மாட்டான், சங்கடம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மணையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன். அந்தப் பேக்கேஜ் நாகசுரக்காரருக்கு அன்று அது மூன்றாவது முகூர்த்தம் போலிருக்கிறது, முகமே காட்டியது. அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒருவன் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். என்னவோ குனிந்து சொல்கிறான், பெரியவர் நிமிர்ந்து உட்கார்கிறார். நாகசுரம் எழும்பியது. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்குக் கைகாட்டியது அவன்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன சொன்ன அவர்கிட்ட?" என்றேன். "ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை என் ரூம்மேட்டு, கொஞ்சம் நல்லா வாசிங்கய்யான்னேன்" என்றான். பாயசத்தை முடித்துவிட்டு, "உனக்குன்னு கம்பீரநாட்டையில ஒரு மல்லாரி எடுத்து வச்சிருந்தேன். பரவால்ல. குழந்தைக்குக் காது குத்துறப்பக் கூப்பிடு" என்றான். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இறங்கவில்லை.

2019-ல் என் மகளுக்குக் காதுகுத்து. கூப்பிட்டேன். தவில்காரரோடு வந்தான். கோயிலில் வாசிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபின், "மாப்ள, ஹாலுக்குள்ள உக்காந்து வாசி" என்றேன். "அபார்ட்மெண்ட்டுடா, ஆள் வந்துடுவாங்க" என்றான். "வரட்டும்" என்றேன். வாசித்தான். தோடி. முக்கால் மணி நேரம். ஷோகேஸில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஆடின. மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திறந்தேன். என்னவோ சொல்ல வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று வருஷம் நான் அறைக்குள் என்ன கேட்காமல் இருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று அவன் ஒரு இசைப்பள்ளியில் பகுதிநேர ஆசிரியர். சொந்தமாக ஒரு செட் வைத்திருக்கிறான். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டுக்கும் அவனே வாசித்தான். வசதியாக இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். ஆடியும் மார்கழியும் இப்போதும் வருகின்றன. இது வெற்றிக்கதை என்று நினைத்து யாரும் கை தட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த இருபது நிமிஷம் முடிகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைத்துவிட்டு இறங்குகிறேன்.

ஒன்று. நாம் இந்த மலரில் ஒவ்வொரு வருஷமும் நம் தொழிற்சாலை விளம்பரங்களைப் போடுகிறோம். அடுத்த மலரில் ஒரு பக்கத்தை இசைத்துறையில் படிக்கும் மாணவர்களுக்குக் கொடுப்போம். எந்த வாத்தியம், யாரைத் தொடர்புகொள்வது என்று துறையின் வழியாக. நம் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழாவுக்கு அவர்களைக் கூப்பிடுவோம். தொகையை முதலிலேயே பேசிவிடுவோம். பாதி முன்பணம், பஸ் செலவு தனி. சாப்பிட்டுவிட்டு 'சந்தோஷமா வாங்கிக்குங்க' என்று உறையை நீட்டுகிற பழக்கம் வேண்டாம்.

இரண்டு. தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு சுழல்நிதி. இனாம் அல்ல, கடன். வட்டியில்லை, ஜாமீன் இல்லை. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிற மாணவர் எந்தத் துறையானாலும் ஆடியிலும் மார்கழியிலும் வாங்கிக்கொண்டு, தையிலோ வைகாசியிலோ திருப்பிக் கட்டலாம். அவனுடைய கணக்கில் பணம் இல்லாமல் இல்லை, பணம் வருகிற மாதமும் கட்டுகிற மாதமும்தான் ஒத்துப்போகவில்லை. மின்சாரத்தில் கெபாசிட்டர் செய்கிற வேலையைத்தான் இந்த நிதி செய்யும். முதல் தவணையாக என் பங்கு பத்தாயிரம் ரூபாயை இன்றே பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது, தம்பி தங்கைகளுக்கு. இதற்குப் பணம் வேண்டாம். உங்கள் மெஸ்ஸில் பரிமாறுகிறவன், நீங்கள் நகல் எடுக்கிற கடையில் நிற்கிறவன் உங்களோடு படிக்கிற மாணவனாக இருக்கலாம். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் போங்கள். உங்கள் அறைத்தோழன் எதையாவது வாசிக்கிறான், வரைகிறான், எழுதுகிறான் என்றால், வாரத்தில் ஒரு அரை மணி நேரம் அறையிலேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரியர் எழுதிவிடலாம். நான் எழுதிவிட்டேன்.

நேற்றுப் போனில் அவனிடம், "உன்னைப் பற்றித்தான் பேசப்போறேன், நீயும் வாடா" என்று கூப்பிட்டேன். "நாளைக்கு முகூர்த்தம் இருக்கு மாப்ள" என்றான். நாள் நல்ல நாள்தான். அவன் வராததில் எனக்குச் சந்தோஷமே.